குதிகால் மேடம்

எங்கள் பிரிவில் நர்ஸ்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் குதிகால் மேடம். பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி எடுக்கிற ரத்தத்தைப் பற்றிப் பேசாமல் அவரால் அரை மணி நேரம் இருக்க முடியாது. அந்தப் பெயர் அவர் காதுக்கும் எட்டியிருந்தது. "மூக்கு மேடம்னு வைக்காம விட்டாங்களே" என்பார். அவர் மூக்கு கொஞ்சம் பெரியதுதான்.

நான் அதே பிரிவில் உணவு ஆலோசகர். எந்தக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு எத்தனை கிராம் புரதம் கொடுக்கலாம் என்று தராசு வைத்து அளந்து, பட்டியல் போட்டுப் பெற்றோரிடம் கொடுப்பது என் வேலை. பதினான்கு வருடமாக அவருக்கு எதிர் மேஜை. எங்களிடம் வருகிறவர்கள் எல்லாம் பிறவியிலேயே ஏதோ ஒரு நொதி வேலை செய்யாத குழந்தைகள். மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருக்கும், அதனால் தாய்ப்பாலே உடம்பில் விஷமாகிவிடும். மேடம் வாரத்தில் மூன்று நாள் இந்தக் குழந்தைகளைப் பார்ப்பார், இரண்டு நாள் பின் கட்டடத்தில் இருந்த ஆய்வகத்துக்குப் போவார். டாக்டர்கள் அவரை ஆய்வகத்து ஆள் என்றார்கள். ஆய்வகத்தில் இருந்தவர்களோ அவரை டாக்டர் என்று ஒதுக்கினார்கள். பதவி உயர்வு வரும்போது இரண்டு பக்கமும் கையை விரித்துவிடும்.

அந்தப் பையன் எங்களிடம் வந்தபோது அவனுக்கு ஏழு வார வயது. பிறந்த மூன்றாம் நாள் ஆரம்பித்த வலிப்பு நிற்கவே இல்லை. இரண்டு ஆஸ்பத்திரி மாறி, நாலு வகை மருந்து பார்த்து, எதற்கும் அடங்காமல் கடைசியாக எங்களிடம் அனுப்பியிருந்தார்கள். அவன் அம்மா துணிக்கடையில் தையல் வேலை செய்பவள். முகத்தில் ரத்தமே இல்லை. குழந்தையைப் படுக்கையில் போட்டுவிட்டு, தன் கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள்.

மேடம் அவர்கள் கொண்டுவந்த காகிதக் கட்டைக் கால் மணி நேரம் புரட்டினார். பிறகு தலைமை நர்ஸைக் கூப்பிட்டு, "பி சிக்ஸ் ஊசி எடுத்துட்டு வாங்க. மூச்சுப் பையோட ஒருத்தர் தலைமாட்டுல நிக்கணும். மூளை அலை மெஷினை ஓட விடுங்க" என்றார்.

ஊசி போய் ஆறு நிமிடம். திரையில் கிறுக்கிக்கொண்டிருந்த கோடுகள் ஒவ்வொன்றாக அடங்கின. குழந்தைக்கு மூச்சு ஒரு தடவை நின்றது, நர்ஸ் பையை அழுத்திக் கொடுத்தார், திரும்பி வந்துவிட்டது. அவ்வளவுதான். ஏழு வாரமாக நிற்காத வலிப்பு நின்றுபோய், பையன் சும்மா தூங்கினான். நர்ஸ்கள் கையைத் தட்டாத குறை. பையனின் அம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. அவன் கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள்.

"இது என்ன மருந்து மேடம்? புதுசா கண்டுபிடிச்சதா?"

"இல்லம்மா. எங்கம்மா பொறக்கறதுக்கு முன்னாடியே இருக்கு. வைட்டமின்."

"வைட்டமினா? கடையில விக்கிற வைட்டமினா?"

"ஆமா."

"அப்போ ஏன் ஏழு வாரமா யாருமே போடல?"

மேடம், "கொஞ்சம் உக்காருங்கம்மா, வரேன்" என்று கைகழுவும் அறைக்குப் போனார். பின்னால் நான் போனபோது குழாயைத் திறந்து விட்டுவிட்டு, கையை நனைக்காமல் நின்றிருந்தார்.

"ஏழு வாரம்" என்றார். "ரெண்டாம் நாளே தெரிஞ்சிருந்தா இவன் ஸ்கூலுக்குப் போவான். இனிமே என்ன பண்ணாலும் பாதிதான்."

அவர் சொன்னபடியேதான் ஆயிற்று. வலிப்பு திரும்பி வரவில்லை. ஆனால் பையன் மூன்று வயதில்தான் உட்கார்ந்தான். அவனுக்கு வந்த ஒரே வார்த்தை 'பா'. பசிக்கும் 'பா'தான், கோபத்துக்கும் 'பா'தான்.

எங்கள் நாட்டில் பிறக்கிற எல்லாக் குழந்தைக்கும் இரண்டாம் நாள் குதிகாலில் குத்தி, நாலு சொட்டு ரத்தத்தை ஒரு தடித்த அட்டையில் காயவைத்துப் பொது ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். இருபது சொச்சம் நோய்களை அதில் கண்டுபிடிக்கலாம். இந்த நோய் அந்தப் பட்டியலில் இல்லை. காரணம் எளிது. இந்த நோயைக் காட்டிக்கொடுக்கிற பொருள், ரத்தம் காய்ந்து அட்டை தபாலில் போவதற்குள் சிதைந்து போய்விடும். சிதையாத வேறொரு அடையாளம் வேண்டும். அதைத் தேடுவதுதான் மேடத்தின் ஆய்வகத்து வேலை. பையன் வருவதற்கு ஐந்து வருடம் முன்பே ஆரம்பித்திருந்தார்.

அவருக்கு உதவியாக ஓர் ஆராய்ச்சி மாணவர் இருந்தார். முப்பது வயது, இரண்டு குழந்தைகளுக்கு அப்பா, நடந்தால் சத்தமே கேட்காது. அதனால் அவருக்குப் பூனை என்று பெயர். மேடம் கத்துவார், பூனை கேட்டுக்கொண்டிருப்பார். ஆராய்ச்சி நிதி ஒரு வருடம் வந்தால் இரண்டு வருடம் வராது. உறைபெட்டி பழுதாகி எட்டு மாத வேலை தண்ணீராய் ஓடியது ஒரு தடவை. 'இவ்வளவு அரிய நோய்க்கு இவ்வளவு முயற்சி தேவையா?' என்று ஓர் ஆய்விதழ் கட்டுரையைத் திருப்பி அனுப்பியது ஒரு தடவை. "தேடாததாலதான்டா அரிய நோய்!" என்று அந்தக் கடிதத்தைப் பார்த்துக் கத்தினார் மேடம்.

பையனுக்கு ஒன்றரை வயது இருக்கும்போது அந்த அடையாளம் கிடைத்தது. மெஷினின் திரையில் சின்ன முள் மாதிரி ஒரு கோடு. காய்ந்த ரத்தத்தில் மூன்று மாதம் கழித்தும் அப்படியே நின்றது. சரிபார்க்க ஒரு வழிதான் இருந்தது. பழைய அட்டைகளைக் கிடங்கில் இரண்டு வருடம் வைத்திருப்பார்கள். பையன் பிறந்தபோது எடுத்த அட்டை அங்கேதான் இருக்க வேண்டும். மேடம் அவன் அம்மாவிடம் சம்மதக் கையெழுத்து வாங்கி, அந்த அட்டையை வரவழைத்தார்.

அந்த முள் அதில் இருந்தது. சாதாரணக் குழந்தைக்கு இருப்பதைப்போல் முப்பது மடங்கு உயரம்.

பூனை முதன்முறையாகச் சத்தமாகச் சிரித்தார். மேடம் சிரிக்கவில்லை. மறுவாரம் பையனின் அம்மா வந்தபோது விஷயத்தைச் சொன்னார். சொல்லாமல் இருக்கலாமே என்று எனக்குப் பட்டது. ஆனால் கையெழுத்துப் போட்டவளுக்கு முடிவைச் சொல்லித்தானே ஆகவேண்டும்.

"அப்போ அந்த அட்டையிலயே இருந்துச்சா?" என்றாள்.

"இருந்துச்சும்மா. அதைப் பாக்க அப்போ யாருக்கும் தெரியாது. எங்களுக்கே போன வாரம்தான் தெரிஞ்சது."

அவள் பையனின் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு குதிகாலைத் தடவினாள். "இனிமேலாவது பாப்பாங்கதானே?"

"பாப்பாங்க" என்றார் மேடம். அந்த ஒரு வார்த்தையைக் கொடுத்துவிட்டு அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

பட்டியலில் ஒரு நோயைச் சேர்க்க ஒரு குழு இருக்கிறது. ஒன்பது பேர். அவர்கள் கேட்டது நியாயமான கேள்விதான். ஆரோக்கியமான குழந்தைகளையும் இந்தச் சோதனை நோயாளி என்று தவறாகக் காட்டினால் எத்தனை பெற்றோர் வீணாகப் பயப்படுவார்கள்? கிடங்கில் இருக்கிற இருபதாயிரம் அட்டைகளை, பெயர் தெரியாமல், சோதித்துக் காட்டுங்கள் என்றார்கள். மேடம் மறுநாளே விண்ணப்பம் கொடுத்தார். அது ஏழு மேஜை ஏறி இறங்கியது. ஒருவர் விடுப்பில் இருந்தார், ஒருவர் மாற்றலாகிப் போனார், ஒருவர் பழைய படிவம் என்று திருப்பி அனுப்பினார். பதினொரு மாதம் கழித்து அனுமதிக் கடிதம் வந்தது. அன்றைக்கே மேடமும் பூனையும் நானும் காரை எடுத்துக்கொண்டு கிடங்குக்குப் போனோம்.

கிடங்குக்காரர் கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"இந்தப் பெட்டிங்களையா மேடம்? போன செவ்வாய்க்கிழமையே அரைச்சுட்டாங்களே."

"அரைச்சுட்டாங்கன்னா?"

"ரெண்டு வருஷம் முடிஞ்சா மெஷின்ல போட்டு அரைச்சுடணும், ரூலு. அறுபது பெட்டி."

"நான் கேட்டிருக்கேன்னு உங்களுக்குத் தெரியாதா? எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா?"

"உங்க நம்பர் எழுதறதுக்கு அந்தப் படிவத்துல இடமே இல்லையே மேடம்" என்று அவர் படிவத்தைத் திருப்பிக் காட்டினார். உண்மைதான், இடமில்லை.

அவரைக் குறைசொல்லி என்ன? எங்களுக்கு நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்தார். மேடம் அந்தக் காலி அலமாரிகளுக்கு நடுவில் அங்கும் இங்கும் நடந்தார். திரும்பி வரும்போது காரில் பூனை கணக்குப் போட்டார். புதிய அனுமதி, புதிய அட்டைகள் என்று மறுபடியும் முதலிலிருந்து. இன்னும் ஒன்றரை வருடம்.

"இந்த ஒன்றரை வருஷத்துல பொறக்கப்போற குழந்தைங்க?" என்று மேடம் கேட்டார். கேள்வி எங்களைப் பார்த்து இல்லை.

கடிதம் எழுதும் யோசனை அப்போதுதான் வந்தது. ஒரே பக்கம். 'பிறந்த குழந்தைக்கு வலிப்பு வந்து, இரண்டு மருந்து கொடுத்தும் நிற்கவில்லை என்றால், மூன்றாவதாக இந்த வைட்டமினை ஊசியாகப் போடுங்கள். மூச்சு நிற்கலாம், பக்கத்தில் மூச்சுப் பையுடன் ஒருவர் இருக்கட்டும். நின்றாலும் நிற்காவிட்டாலும் எனக்குப் போன் செய்யுங்கள்.' கீழே அவருடைய சொந்த எண். முந்நூற்றுப் பன்னிரண்டு பிரசவ ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பினோம். மதிய இடைவேளையில் நானும் அவரும் உறை ஒட்டுவோம். அவர் ஒட்டுகிற உறையெல்லாம் கோணலாகவே இருக்கும். "பசையைத் தடவச் சொன்னா பூசறீங்களே" என்பேன்.

ஆஸ்பத்திரி இயக்குநர் மேடத்தைக் கூப்பிட்டு அனுப்பினார். யாரைக் கேட்டு நிறுவனத்தின் பெயர் போட்ட காகிதத்தில் இப்படி எழுதினீர்கள் என்று காய்ச்சி எடுத்தார். "நாளைக்கு ஒரு குழந்தைக்கு ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?"

"இன்னைக்கு ஆகிட்டிருக்கே, அதுக்கு யார் பதில் சொல்றாங்க?" என்று கேட்டுவிட்டு வந்தார். எழுத்து மூலமான எச்சரிக்கை ஒன்று அவர் கோப்பில் சேர்ந்தது.

ஒன்றரை வருடத்தில் நாற்பத்தொரு அழைப்பு. பெரும்பாலும் வேறு நோய்கள். மூன்று குழந்தைகளுக்கு மட்டும் அந்த ஊசியோடு வலிப்பு நின்றது. அதில் ஒரு அழைப்பின்போது நான் பக்கத்தில் இருந்தேன். எங்கேயோ ஒரு சின்ன ஆஸ்பத்திரி நர்ஸ். "மேடம், நின்னுருச்சு மேடம், பாப்பா கண்ணைத் தொறந்து பாக்குது" என்று அந்தப் பக்கம் அழுதது எனக்கே கேட்டது. மேடம் மருந்தின் அளவைச் சொல்லிவிட்டு, "அழாதீங்க, எழுதிக்கோங்க" என்றார். அவர் கண்ணும் சரியில்லை.

நாலாவது குழந்தை, ஐந்து வாரம் வலிப்போடு இருந்த பிறகுதான் எங்களிடம் வந்தது. அந்த ஆஸ்பத்திரியில் கடிதம் மேஜை இழுப்பறையில் பத்திரமாக இருந்ததாம்.

புதிய இருபதாயிரம் அட்டைகளைச் சோதித்து முடித்தோம். தவறான எச்சரிக்கை இரண்டே இரண்டு. இதைவிட நல்ல முடிவு யாருக்கும் கிடைக்காது. மேடம் தலைக்குச் சாயம் பூசி, இஸ்திரி போட்ட புடவையில் குழுவின் முன்னால் போய் நின்றார். தாள்களை எடுத்துக் கொடுக்க நானும் கூடப் போனேன். நாலாவது மாடி, நீள மேஜை, ஒன்பது தண்ணீர் பாட்டில்.

தலைவர் நல்ல மனிதர். மெதுவாகப் பேசுவார். "முடிவெல்லாம் அருமை டாக்டர். ஆனா ஒரு சந்தேகம். உங்க கடிதமே நல்லா வேலை செய்யுதே? மூணு குழந்தை பிழைச்சிருக்கு. அப்புறம் எதுக்கு எல்லாக் குழந்தைக்கும் ஸ்கிரீனிங்?"

தன் காதில்தான் தவறாக விழுந்ததோ என்று மேடத்துக்குத் தோன்றியிருக்க வேண்டும். "எதுக்குன்னா? வலிப்பு வந்து, ரெண்டு மருந்து தோத்து, அப்புறம்தான் கடிதம். அதுக்குள்ள மூளை போயிடுது. அதோட நாலாவது குழந்தை?"

"அது அந்த ஆஸ்பத்திரியோட தவறு. அதுக்காகப் பட்டியலை மாத்த முடியுமா?" பிறகு அவர் சமாதானமாகச் சொன்னார்: "ஒரு வருஷம் சோதனை ஓட்டமா நடத்தலாம். ஒரே நிபந்தனை. அந்த ஒரு வருஷம் உங்க கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கணும். இல்லேன்னா எந்தக் குழந்தை எதனால பிழைச்சதுன்னு தெரியாது. கணக்கு குழம்பும்."

"கடிதத்தால எத்தனை, சோதனையால எத்தனைன்னு தனித்தனியா எண்ணிக்கலாமே? வலிப்பு வர்றதுக்கு முன்னாடி கண்டுபிடிச்சா சோதனை, வந்தப்புறம்னா கடிதம். இதுல என்ன குழப்பம்?"

"நடைமுறையில அப்படிச் செய்யறதில்ல டாக்டர்."

அதற்கு அப்புறம்தான் அவர் வெடித்தார். "அப்போ உங்க கணக்கு சரியா வரணும்னு, வலிப்பு வர்ற குழந்தையைச் சும்மா பாத்துட்டிருக்கச் சொல்றீங்க? நான் எழுதித் தரணுமா, இனிமே அந்த ஊசியைப் போடாதீங்கன்னு? நீங்க போய் அந்தத் தாய்கிட்ட சொல்லுங்க! ஒன்பது பேரும் போங்க!" கையிலிருந்த கோப்பால் மேஜையில் அடித்தார். ஒரு பாட்டில் உருண்டு விழுந்தது. அந்த நிபந்தனைக்குக் கையெழுத்துப் போடாமல் வெளியே வந்துவிட்டார்.

லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் நாலு மாடியும் படியில் இறங்கினார், நான் பின்னாலேயே ஓடினேன். கீழே வந்ததும் நின்றார்.

"என் கைப்பை மேலயே இருக்கு."

"போய் எடுத்துட்டு வாங்க."

"அவ்வளவு கோபமா வெளிய வந்துட்டு, திரும்பிப் போய் பை எடுத்தா நல்லாவா இருக்கும்? நீ போ."

நான் போனேன். ஒன்பது பேரும் சிந்திய தண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றிலிருந்து மூன்று மாதம் மேடம் ஆய்வகத்துக்கே போகவில்லை. குழந்தைகளைப் பார்ப்பார், வீட்டுக்குப் போவார். அவர் கணவர் ஒரு நாள் என்னிடம் போனில், "வீட்டுல எல்லா அலமாரியையும் ஒழிச்சு அடுக்கிட்டா. அடுத்து என்னை அடுக்கிடுவாளோன்னு பயமா இருக்கு. ஏதாவது பண்ணும்மா" என்றார்.

அதற்குள் பூனை பட்டம் வாங்கி, வேறொரு ஆஸ்பத்திரியில் சொந்த ஆய்வகத்தோடு இருந்தார். ஒரு பகல் பொழுதில் எங்கள் அறைக்கு வந்தார். வழக்கம்போல வந்ததே தெரியவில்லை. காகிதக் கோப்பு ஒன்றை மேடத்தின் மேஜையில் வைத்தார்.

"சோதனை ஓட்டத்துக்கு அனுமதி கிடைச்சிருக்கு மேடம். என் பேர்ல."

மேடம் கோப்பைத் தொடவில்லை. "கடிதத்தை வாபஸ் வாங்கச் சம்மதிச்சிட்டியா?"

"இல்ல. கடிதம் இருக்கட்டும், ரெண்டையும் தனித்தனியா எண்ணிக்கலாம்னு எழுதிக் கொடுத்தேன். சரின்னுட்டாங்க."

"நான் சொன்னதா?"

"வார்த்தைக்கு வார்த்தை."

"அதே ஒன்பது பேரா?"

"அதே ஒன்பது பேர்தான்." அவர் தரையைப் பார்த்தார். "நீங்க கத்தினீங்க மேடம். நான் கத்தல. அவ்வளவுதான் வித்தியாசம்."

மேடம் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். காது மடல் சிவந்திருந்தது. பத்து வருட உழைப்பு, இன்னொருவர் பெயரில். நானாக இருந்தால் அந்தக் கோப்பை வெளியே வீசியிருப்பேன். பூனையும் அதை எதிர்பார்த்துதான் நின்றார் என்று நினைக்கிறேன். மேடம் திரும்பி வந்து உட்கார்ந்து, கோப்பைத் திறந்து, நாலாவது பக்கத்தில் விரலை வைத்தார்.

"இதுக்கு மேல போனா நோய்னு எச்சரிக்கற அளவை யார் இங்க வச்சது?"

"நான்தான்."

"குறைமாசக் குழந்தைங்களுக்கு இது ஒத்து வராதுடா. பாதிப் பேர் சோதனையில சிக்காம போயிடுவாங்க. இத்தனை வருஷம் என்கிட்ட என்னத்தைக் கத்துக்கிட்டே? அந்த நாற்காலியை இழு."

சாயங்காலம் வரை இருவரும் அந்த எண்ணோடு மல்லுக்கட்டினார்கள். கோப்பின் முதல் பக்கத்தில் பூனையின் பெயர்தான் இருந்தது. மேடத்தின் பெயர், உதவியவர்கள் வரிசையில், கடைசிப் பக்கத்தில்.

சோதனை தொடங்கி ஏழாவது மாதம் முதல் குழந்தை அகப்பட்டது. பெண். பிறந்து ஆறு நாள், இன்னும் ஒரு வலிப்புகூட வரவில்லை. குடும்பம் எங்கள் ஊர்ப் பக்கம் என்பதால் எங்களுக்கு அனுப்பினார்கள். மேடம் தானே போன் செய்தார். பஸ் ஓட்டுகிற அப்பா எடுத்தார்.

"என் பொண்ணு நல்லா பால் குடிக்குது, நல்லா தூங்குது. எதுக்குங்க சும்மா இருக்கறவங்களைப் பயமுறுத்தறீங்க?" என்று வைத்துவிட்டார். மறுபடி செய்தால் எடுக்கவில்லை.

"இதுக்குத்தானா இத்தனை வருஷம்!" என்று மேடம் போனை மேஜையில் போட்டார். பிறகு என்னையும் கிளப்பிக்கொண்டு அந்த வீட்டுக்கே போனார். மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. இரண்டு மணி நேரம் பேசினார். ஒரு தடவைகூடக் கத்தவில்லை. நான் எண்ணிக்கொண்டே இருந்தேன், ஆறு இடத்தில் கத்தியிருக்க வேண்டும். கடைசியில் குழந்தையின் அம்மாதான், "வைட்டமின்தானே, கொடுத்துத்தான் பாப்போமே" என்றாள்.

இப்போது அந்தப் பெண்ணுக்கு ஒன்றேகால் வயது. சோதனை ஓட்டத்தை இன்னும் ஒரு வருடம் நீட்டியிருக்கிறார்கள். பட்டியலில் சேர்ப்பது 'பரிசீலனையில்' இருக்கிறது. போன வாரம் பரிசோதனைக்கு வந்தவள், அறை முழுக்க ஓடி, என் தராசை இழுத்துத் தள்ளி, மேடத்தின் கண்ணாடியைப் பிடுங்கி, "தா, போ, அது, வேணா" என்று வாய் ஓயாமல் பேசினாள்.

"பாத்தீங்களா?" என்றார் அப்பா பெருமையாக. "இவளுக்கு ஒண்ணுமே இல்ல. நான் அன்னைக்கே சொன்னேன். இன்னுமா அந்த மருந்தைக் கொடுக்கணும்?"

"ஆமாங்க, ஒண்ணுமே இல்லதான்" என்றார் மேடம். "மருந்தை மட்டும் ஒரு நாள்கூட நிறுத்தாதீங்க."

"எதுக்குன்னுதான் எனக்குப் புரியல" என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் மகளைத் தூக்கிக்கொண்டு போனார்.

கதவு மூடியதும் மேடம் நாற்காலியில் சாய்ந்து, இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்தார்.

"இந்த மனுஷனுக்கு எப்படித்தான்டி புரியவைக்கிறது?"

"அவருக்குப் புரியாமலே இருக்கட்டும் மேடம்" என்றேன்.

அவர் என்னை ஒரு முறை முறைத்துவிட்டு, அடுத்த குழந்தையை உள்ளே அனுப்பச் சொன்னார்.